சேறு காயாத அச்சு

வெல்டர் சுத்தியலைக் கீழே வைத்த பிறகும் ஒரு தட்டு பாக்கி இருந்தது.

காதில் விழுந்தது என்று அவரால் அடித்துச் சொல்ல முடியாது. பட்டறையின் நடுவே இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் கிடத்தியிருந்த பழைய லாரி அச்சின் துருவை உதிர்ப்பதற்காக ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை தட்டிக்கொண்டே வந்தவர், மூச்சு வாங்கிக்கொள்ள நின்று, இடது கையை அதன் குழாய்மேல் ஊன்றினார். வெளியே மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. தகரக் கூரைக்கடியில் காற்று அசையாமல், கிரீஸும் துருவும் காலையில் வெட்டிய இரும்பின் கருகலும் கலந்த வாடையோடு தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் உள்ளங்கைக்கு அடியில், உள்ளேயிருந்து யாரோ விரல் மொளியால் தட்டிப் பார்த்ததுபோல, மெத்தென்று ஒன்று பட்டது.

அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது.

"பல்சக்கரத்துல ஆட்டம் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி ஆயுசை இரும்போடு கழித்தவர். காரணமில்லாமல் இரும்பு சத்தம் போடாது என்பது அவர் கட்சி. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு டீ குடிக்க வீட்டுக்குள் போனார். பட்டறையும் வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

அந்த அச்சைக் கொண்டுவந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அக்காவே சொல்லுகிற ஆள். அப்பா விட்டுப்போன பழைய பிக்கப் வண்டியைப் பெற்ற பிள்ளைபோல வைத்திருந்தான். சாலையில் ஓட்டினால் அவனுக்குத் திருப்தி கிடையாது. சேறு, பாறை, ஓடை என்று வழியே இல்லாத இடத்தில் விட்டு ஏற்ற வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு சரிவில் பெரிய டயரின் இழுப்புத் தாங்காமல் பின் அச்சு முறிந்தது. கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே வண்டியைக் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு ஆறவில்லை.

"மாமா, இனிமே லாரி ஆக்சில்தான். முன்னாடியும் பின்னாடியும். யானை மேல வச்சு ஓட்டினாலும் முறியக் கூடாது."

"யானை மேல எதுக்குடா வண்டியை வைக்கிற?"

"பேச்சுக்குச் சொன்னேன் மாமா."

சொன்னபடி இரண்டு கனத்த அச்சுகளோடு வந்து இறங்கினான். பழைய இரும்புக் கடைக்காரரிடம் வாங்கினானாம். ஊர் இரும்பெல்லாம் அவரிடம்தான் வந்து ஒட்டும் என்பதால் அவருக்குக் காந்தம் என்று பெயர். ஒரு போல்ட்டுக்குக்கூட முக்கால் மணி நேரம் பேரம் பேசுகிற காந்தம், இந்த அச்சுகளைப் பேரமே இல்லாமல் தூக்கிக் கொடுத்ததை மச்சினன் தன் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டான்.

முன் அச்சில் ஒரு தொந்தரவும் இல்லை. துரு, காய்ந்த கிரீஸ், அவ்வளவுதான். பின் அச்சின் நடுவில் பானைபோலப் பருத்திருக்கும் பல்சக்கரக் கூட்டைத் திறந்தபோதுதான் வெல்டருக்கு முகம் மாறியது. தார்போலக் கறுத்து ஆயில் வரவேண்டிய இடத்தில் முதலில் தண்ணீர் வந்தது. பிறகு பால் ஊற்றிய டீ நிறத்தில் ஏதோ கொழகொழவென்று வந்தது. அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல், சேறு வந்தது. சாம்பலும் சிவப்பும் கலந்த களிமண். தொட்டுப் பார்த்தார். கிணற்றடியிலிருந்து அப்போதுதான் அள்ளியதுபோல விரல் சில்லிட்டது.

"எத்தனை வெயில் காலம் அந்தக் கடையில கிடந்ததுன்னு சொன்ன?"

"புல்லு முளைச்சுப் போய்க் கிடந்தது மாமா. வருஷக்கணக்கா இருக்கும்."

"அப்ப இது காஞ்சு கல்லா இருக்கணுமே."

"மூடி நல்லா இறுக்கமா இருந்திருக்கும். அந்தக் காலத்து வேலைப்பாடு." மச்சினன் டீசலை ஊற்றிக் கழுவத் தொடங்கினான். தெளிந்த டீசல் வரும்வரை கழுவினான். இரண்டு பக்கக் குழாய்களுக்குள்ளும் கம்பியில் துணி சுற்றி விட்டு எடுத்தார்கள். துணி சுத்தமாக வந்தது. மறுநாள் காலையில் வெல்டர் பட்டறைக் கதவைத் திறந்தபோது, அச்சுக்கு நேர் கீழே தரையில் ஒரு தட்டு அகலத்துக்குச் சேறு சொட்டி நின்றது. அதன் வாடை பட்டறை முழுக்க இருந்தது. மழை மண் வாசனை மனசுக்கு இதமாக இருக்கும். இது ரொம்ப ஆழத்து மண். வெளிச்சம் படாத இடத்தில், எதையோ மூடி வைத்திருந்த மண்.

வேலை நிற்கவில்லை. வண்டிப் பாரத்தைத் தாங்கும் வில்பட்டைகள் லாரிக்கு அகலமாக உட்காரும். பிக்கப்புக்கு உள்ளடங்கி உட்காரும். அதனால் பட்டைகள் உட்காரும் பழைய சீட்டுகளை வெட்டியெடுத்துவிட்டு, புதிதாக அளவெடுத்து, சாய்மானம் பார்த்து, குழாய்மேல் வெல்டு வைக்க வேண்டும். சாய்மானம் ஒரு இம்மி தப்பினாலும் இன்ஜினிலிருந்து அச்சுக்கு ஓடும் ஷாஃப்ட் அதிர்ந்தே செத்துப்போகும். வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு ராடை வைத்தார். நீல வெளிச்சம் சீறியது. இரும்பு சிவந்து உருகி ஓடிய அந்தக் கணத்தில், குழாயைப் பிடித்திருந்த அவருடைய இடது கையில் தட்டு வந்தது. மெத்தென்று இல்லை. படபடவென்று. சூடு பட்ட இடத்திலிருந்து விலகி, குழாய்க்குள்ளேயே மறுமுனைக்கு ஓடி, அங்கே போய் நின்று தட்டுவதுபோல.

முகமூடியைத் தூக்கினார். தட்டு நின்றது.

மச்சினனிடம் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவன் வைத்தான். காதையும் வைத்தான். "ஒண்ணும் இல்லையே மாமா. இரும்பு சூட்டுல விரியும், ஆறும்போது சுருங்கும். நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதலிரவு மாப்பிள்ளைபோல வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறவனிடம் எதைச் சொல்வது?

மறுநாள் வேறு சாமான் வாங்குகிற சாக்கில் காந்தத்தைப் பார்க்கப் போனார். உச்சி வெயில். இரும்புக் குவியல்களுக்கு நடுவே ஒரு கிழிந்த கார் சீட்டில் காந்தம் உட்கார்ந்திருந்தார். அச்சு என்றதும் பல்லிடுக்கில் இருந்த குச்சியை எடுத்துவிட்டார்.

"திருப்பிக் கொண்டாந்திருக்கியா?"

"இல்ல. எங்கேயிருந்து வந்ததுன்னு கேக்க வந்தேன்."

"மலை சரிஞ்ச இடத்துலேருந்து வந்தது. ஆளுங்களை ஏத்திக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கீழ இறங்கிட்டிருந்த லாரி. மேல மண்ணு விழுந்து மூடிக்கிச்சு. தேட வந்தவங்களுக்கு உள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். மண்ணு இறங்க இறங்கத் தோண்டறதுக்குள்ள நாளாயிருச்சு."

"எல்லாரையும் எடுத்தாங்களா?"

காந்தம் வேறெங்கோ பார்த்தார். "வண்டியை எடுத்தாங்க," என்றார்.

வெல்டர் வீட்டுக்கு வந்தபோது மனைவி பட்டறைச் சுவர் ஓரமாக, கையில் பாதி மடித்த துணியோடு நின்றிருந்தாள். அவர் தெருப்பக்கமாக உள்ளே நுழைவதைப் பார்த்ததும் அவள் கண் சுவருக்கும் அவருக்குமாக ஒரு தடவை போய்வந்தது.

"நீங்க வெளியிலயா போயிருந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"தம்பியும் சாப்பிட்டுட்டுத் தூங்கறான்." குரலை இறக்கினாள். "அப்ப இவ்வளவு நேரமா அந்தப் பக்கம் தட்டிக்கிட்டிருந்தது யாருங்க? இப்பத்தான் நின்னுச்சு."

அவர் கேட்டறிந்ததை அவளிடமும் மச்சினனிடமும் சொன்னார். அவன் பேசினான். செத்தவன் வீட்டுக் கட்டிலில் படுத்தால் தூக்கம் வராதா, பழைய இரும்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கத்தான் செய்யும், அந்தக் கணக்குப் பார்த்தால் உலகத்தில் ஒரு வண்டியும் ஓடாது என்று. பேச்சு நியாயமாகவே இருந்தது. மறுநாளைக்குள் அவன், வெல்டு முடிந்திருந்த அச்சுகளைத் தானே வண்டிக்கடியில் பூட்டி, பட்டைகளை முடுக்கி, பெரிய டயர்களையும் மாட்டியிருந்தான்.

வண்டி நெஞ்சு உயரத்துக்கு எழுந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெல்டர் பின்னால் போய் நின்று பார்த்தார். முன்பக்கப் பட்டைகள் வில்போல வளைந்திருந்தன. பின்பக்கப் பட்டைகள், மேலே ஒரு துரும்புகூட இல்லாத வண்டியில், முழுப் பாரம் ஏற்றியதுபோலத் தட்டையாகப் படுத்திருந்தன. பின்படியில் ஏறிக் குதித்துப் பார்த்தார். வண்டி அசையவில்லை. ஏற்கெனவே நெருக்கியடித்து நிறைந்திருக்கிற வண்டியில் கடைசி ஆளாக ஏறினதுபோல இருந்தது அவருக்கு. சட்டென்று இறங்கிவிட்டார்.

"பின்னாடி உட்கார்ந்து போச்சு பார்த்தியா?"

"நல்லதுக்குத்தான் மாமா. பிடிமானம் கிடைக்கும்."

அதன் பிறகு இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்த மழை, ஒரு சாயங்காலம் கொஞ்சம் வெறித்தது. மண் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று ஊருக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஒரு ஏற்றம் ஏற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மச்சினன் சாவியை எடுத்தான். மனைவி வெல்டரைப் பார்த்தாள்.

"நீங்களும் கூடப் போங்க. அவனைத் தனியா விடாதீங்க. கையோட கூட்டிக்கிட்டு வந்துருங்க."

"கூட்டிக்கிட்டு வரேன்," என்றார்.

வழியெல்லாம் வண்டி நிறைமாதக்காரிபோல நிதானமாக, அழுந்தி அழுந்தி நடந்தது. பின்னால் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பாரம் ஏற்றும் பின்தொட்டி காலி. ஒவ்வொரு வளைவிலும் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்து நிமிர்கிறவர்களைப்போல மறுபடி நேரானது. மச்சினன் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை; உதட்டைக் குவித்துச் சீட்டியடித்துக்கொண்டே வந்தான்.

பள்ளத்தில் இறங்கும்போதே வெளிச்சம் மங்கிவிட்டது. மூன்று பக்கமும் வெட்டுண்ட மண்சுவர். அதன் மேலிருந்து வேர்கள் தொங்கி, நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதே வாடை. பட்டறையில் இருந்த அதே வாடை, இங்கே சுற்றிலும். வெல்டர் போனைக்கூட எடுக்காமல் இறங்கி, சக்கரம் எங்கே பிடிக்கிறது என்று சைகை காட்ட முன்னால் போய் நின்றார்.

முதல் ஏற்றத்தில் வண்டி ஆடுபோல ஏறிவிட்டது. மச்சினன் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தான். பின்னால் எடுத்து, மண்சுவரை ஒட்டித் திருப்பினான். அங்கே நின்றது. பின்சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. சேறு விசிறியடித்தது.

"மிதிக்காதே! இறங்குது பாரு, விட்டுடு!"

"விட்டுட்டேன் மாமா."

சக்கரம் சுற்றியது.

"ஆஃப் பண்ணுடா!"

"பண்ணிட்டேன். சாவி என் கையில இருக்கு."

வெல்டர் காதைக் கொடுத்துக் கேட்டார். இன்ஜின் சத்தம் இல்லை. மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. அது வண்டிக் கூரையில் விழும் சத்தம் தனியாகக் கேட்டது. அந்த அமைதியில் பின்சக்கரங்கள் இரண்டும், நிதானமாக, தெரிந்த வேலையைச் செய்கிறவன் மண்வெட்டி போடுவதுபோல, சுற்றிச் சுற்றிக் குழி பறித்தன. வண்டி பின்பக்கமாக அமிழ்ந்தது. அது ஏறுவதற்கு வரவில்லை. உள்ளே போகத்தான் வந்திருக்கிறது.

"குதிடா. இந்தப் பக்கமா குதி."

மச்சினன் கதவைத் தள்ளினான். சேறு அதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெல்டர் ஓடினார். நாலு எட்டு வைத்திருப்பார். மேலே வேர்கள் அறும் சத்தம், துணி கிழிவதுபோல. மண்சுவர் முழுசாக ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு அங்கே வண்டி இல்லை.

அவர் எப்படித் தோண்டினார் என்று அவருக்கே தெரியாது. மண்வெட்டி வண்டிக்குள் இருந்தது. போன் வண்டிக்குள் இருந்தது. நகம் பிய்ந்தது. மழை கொட்டியது. அள்ள அள்ள மண் வழிந்து வந்து மூடியது. பேர் சொல்லிக் கத்தினார். மண்ணை வாயிலிருந்து துப்பிவிட்டு மறுபடி கத்தினார்.

அப்போது கைக்குள் ஒரு கை வந்தது.

சேற்றுக்குள்ளிருந்து விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன. வெல்டர் வாய்விட்டு அழுதுவிட்டார். முட்டியை ஊன்றி இழுத்தார். கை, தோள், தலை. உடம்பு முழுசும் களிமண் அப்பி, கண் எது வாய் எது என்று தெரியாமல், ஆள் வெளியே வந்து அவர் மேலேயே சரிந்தான்.

"ஒண்ணும் இல்லடா. ஒண்ணும் இல்ல. பேசாதே. வாயில மண்ணு. வீட்டுக்குப் போயிடலாம், அக்கா காத்திருப்பா."

கையைப் பற்றிக்கொண்டு நடந்தார். இருட்டும் மழையும் முகத்தில் அடித்தன. தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க முடிந்தது. பின்னால் பள்ளத்திலிருந்து வண்டியின் ஹாரன் அடித்தது. விட்டு விட்டு. மண்ணுக்கடியில் அமுங்கிய சத்தம். ஒயரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடித்துக்கொண்டே இருந்து, மெல்ல மெல்லத் தூரத்தில் போனது.

வழி நெடுக அவர்தான் பேசினார். வண்டி போனால் போகட்டும் என்றார். உசிரு இருந்தால் உப்பு விற்றுப் பிழைக்கலாம் என்றார். அந்தக் கை பதில் சொல்லவில்லை. அது சில்லென்று இருந்தது. அவ்வளவு மழையிலும் அதிலிருந்து சேறு கழுவிப் போகவில்லை. வெல்டர் தேய்த்துச் சூடேற்றப் பார்த்தார். பயந்திருக்கிறான். இப்படி வாயடைத்து அவனை அவர் பார்த்ததே இல்லை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மனைவி வாசலுக்குள் நின்றிருந்தாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது. போன் காதில் இருந்தது.

"கூட்டிக்கிட்டு வந்துட்டேன்," என்றார் வெல்டர். "தண்ணி கொண்டா. துணி கொண்டா."

அவள் அசையவில்லை. அவருக்குப் பக்கத்தில் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"தம்பி பேசறான். வண்டிக்குள்ள இருக்கானாம். கண்ணாடிக்கு வெளியில மண்ணா இருக்காம். மூச்சு வாங்குதாம். ஹாரன் அடிச்சு அடிச்சுப் பார்த்தானாம். மேல மாமா குரல் கேட்டுதாம். யாரையோ கூட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டே போறாரு, கேக்கவே மாட்டேங்கறாருங்கறான்."

மழை பெய்தது. போனுக்குள்ளிருந்து சின்னதாக, மாமா, மாமா என்று கேட்டது.

வெல்டர் கையை விட்டார்.

அந்தக் கை விடவில்லை. மெதுவாக, ஒவ்வொரு விரலாக, இன்னும் இறுக்கிப் பிடித்தது.